பாதை தெரிந்தவர்கள் இருக்கும்போதே நடப்போம்

(பாகான் டத்தோவில் நடைபெற்ற தோட்டக் குடும்பங்களின் சந்திப்பில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவும் உங்களுக்கு இருக்கின்ற ஒரே நாள். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், நன்றி. வழக்கறிஞர் வருகிறார் என்றால் குடியுரிமை பற்றிப் பேசுவார், கோயில் நிலம் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது நடப்பதைப் பற்றி. ஆமாம், காலால் நடப்பதைப் பற்றித்தான். கடைசியில் அது குடியுரிமையிலும் கோயில் நிலத்திலும் போய்த்தான் நிற்கும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

சில மாதங்களுக்கு முன் என் மகளை அழைத்துக்கொண்டு ஈப்போ பழைய நகரில் ஒரு பாரம்பரிய நடைக்குப் போனேன். ஒரு வழிகாட்டி முன்னால் போவார். இருபது பேர் பின்னால் போவோம். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் நின்று அதன் கதையைச் சொல்வார். ரயில் நிலையம் 1917-இல் கட்டி முடிக்கப்பட்டது, வரைந்தவர் ஹப்பேக் என்றார். அடுத்து மணிக்கூண்டு. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் நினைவாக 1909-இல் எழுப்பியது. இந்தப் பர்ச் 1875 நவம்பர் 2-ஆம் தேதி பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டவர். பாசிர் சாலாக் நமக்கு அந்நிய ஊர் இல்லை. தெலுக் இந்தானைத் தாண்டி பேராக் ஆற்றங்கரையில் இருக்கிறது.

அந்த மணிக்கூண்டைச் சுற்றியுள்ள சாலைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தேன். டத்தோ சாகோர் சாலை, டத்தோ மகாராஜாலேலா சாலை. பர்ச்சைக் கொன்ற வழக்கில் 1877-இல் தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர்கள் இவை. வெள்ளைக்காரன் காலத்தில் அந்த இடத்துக்கு வேறு பெயர் இருந்தது. மணிக்கூண்டை இடிக்கவில்லை. சாலையின் பெயரை மட்டும் மாற்றினார்கள். இப்போது அங்கே போகும் ஒவ்வொருவரும் இரண்டு தரப்புக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ஓர் ஊரின் வரலாறு தானாக எழுதப்படுவதில்லை, கேட்பவர்களுக்குத்தான் எழுதப்படுகிறது என்று அங்கே நின்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி நேர நடையில் நம்மைப் பற்றி வந்தது இரண்டு வாக்கியம். இந்தியர்கள் ரயில் பாதையிலும் தோட்டத்திலும் வேலை செய்ய வந்தார்கள். குட்டி இந்தியாவில் நல்ல சாப்பாடு கிடைக்கும். முடிந்தது. என் மகள் என்னிடம், "அப்பா, தாத்தா கதை அவ்வளவுதானா?" என்றாள்.

அந்த வழிகாட்டி மீது எனக்குக் கோபம் இல்லை. எழுதி வைத்ததைத்தான் அவர் சொல்ல முடியும். ஆனால் சொல்ல விஷயம் இல்லாமலா போயிற்று? மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை போட்டபோது, அதைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படை கொண்டுவரப்பட்டது. ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம் பூங்கா இருக்கிறது. பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள். டி.ஆர். யார் என்று எத்தனை பிள்ளைக்குத் தெரியும்? அவரும் அண்ணன் எஸ்.பி. சீனிவாசகமும் ஈப்போவில் பெயர் பெற்ற வழக்கறிஞர்கள். 1953-இல் தோன்றிய மக்கள் முற்போக்குக் கட்சியைத் தூக்கி நிறுத்தியவர்கள். 1969-இல் டி.ஆர். இறந்தபோது ஈப்போ துக்கம் காத்தது. இதையெல்லாம் ஒரு நடைக்குள் சொல்லலாம். சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நம்முடைய நகரம் எது?

ஈப்போவைப் பற்றிப் பேசிவிட்டேன். ஆனால் உண்மையில் நம் நகரம் ஈப்போ இல்லை. நம்மில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டன் வாழ்ந்த நகரம் தோட்டம். அங்கே கோயில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, ஆயாக் கொட்டாய் இருந்தது, மருந்துக் கொட்டாய் இருந்தது, பெரட்டுக் களம் இருந்தது, கள்ளுக்கடை இருந்தது, சுடுகாடும் இருந்தது. பிறப்பிலிருந்து இறப்பு வரை எல்லாம் ஒரே வேலிக்குள். அதன் தெருக்களுக்கும் பெயர் உண்டு. மேட்டு லயம், பள்ளிக்கூட லயம், ஆற்றோர லயம். எந்த வரைபடத்திலும் இந்தப் பெயர்கள் கிடையாது. உங்கள் வாயில் மட்டும்தான் இருக்கின்றன.

பாகான் டத்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் இது தனி மாவட்டம் ஆனது. வெளியூர்க்காரர்கள் இங்கே தென்னைக்கும் கடலுக்கும் வருகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நல்லது, வரட்டும். ஆனால் இந்தத் தென்னை எப்படி வந்தது? இது கடலும் சேறும் கலந்து கிடந்த தாழ்நிலம். மண் அணை கட்டாமல், பாரிட் வெட்டாமல், உப்புத் தண்ணீரை மறிக்காமல் இங்கே எதுவும் முளைத்திருக்காது. அந்தக் கால்வாய்களை இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டியவர்களில் நம்மவர்கள் உண்டு, ஜாவாவிலிருந்து வந்தவர்களும் பஞ்சார்காரர்களும் சீனர்களும் உண்டு. யாரையும் மறைக்க வேண்டாம். நம்மை மறைக்கவும் வேண்டாம்.

பக்கத்தில் ஜெண்டராட்டா. 1906-இல் டென்மார்க் நாட்டுப் பொறியாளர் வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ரப்பர் தோட்டம் அது. பிளமிங்டன், ஸ்ட்ராத்மஷி என்று இங்கே தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்து ஊர்ப் பெயர்கள் இவை. வாயில் நுழையாத பெயரைச் சொல்லித்தான் நம் பிள்ளைகள் அ, ஆ படித்தார்கள். அந்தப் பள்ளிகளும் யாரும் மனமிரங்கிக் கொடுத்தது அல்ல. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று சொன்னது. சட்டம் சொன்னதால் கொட்டகை போட்டார்கள். அந்தக் கொட்டகையைப் பள்ளியாக்கியவர்கள் நம் பெற்றோர்.

இந்தப் பள்ளிப் பெயர்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தோட்டம் விற்கப்படும், பெயர் மாறும், லயம் தரைமட்டமாகும். பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் பழைய தோட்டத்தின் பெயர் நிற்கும். அது ஒரு சாட்சி. அந்தச் சாட்சி எப்படி உதவும் என்பதற்கு நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

ஒரு அம்மாவின் வழக்கு

பெயர் வேண்டாம். 1960-இல் ஒரு தென்னந்தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வீட்டிலேயே பிரசவம், மருத்துவச்சிதான் பார்த்தார். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. ஆயுள் முழுதும் சிவப்பு அடையாள அட்டை. பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவர் இந்த நாட்டின் குடிமகள் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நம் கூட்டரசு அரசியலமைப்பின்படி மெர்டேக்கா நாளிலிருந்து 1962 அக்டோபருக்கு முன்பு வரை கூட்டரசு மண்ணில் பிறந்த ஒருவர் சட்டப்படியே குடிமகன். யாரும் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அம்மா இங்கேதான் பிறந்தார் என்று காட்ட வேண்டும். அலுவலகத்தில் கேட்டார்கள்: எந்தத் தோட்டம்? அப்படி ஒரு தோட்டமே இப்போது இல்லையே? உண்மைதான். தென்னையை வெட்டிச் செம்பனை போட்டு, பெயரையும் மாற்றி வெகு காலம் ஆகிவிட்டது.

எனக்கு வழி தெரியவில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன், கோப்பை மூடி வைத்துவிட்டேன். அப்போது அந்த அம்மாதான், "தம்பி, எங்க லயத்துல இருந்த பெரியவர் ஒருத்தர் இன்னும் இருக்காரு. கூட்டிக்கிட்டுப் போய்ப் பார்ப்போமா?" என்று கேட்டார். ஒரு காலையில் மூவரும் போனோம். அனுமதி வாங்கித்தான் போனோம்.

பெரியவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. செம்பனைக்குள் கைத்தடியை ஊன்றி நடந்தார். எனக்கு எல்லா மரமும் ஒன்றுதான். அவர் ஓர் இடத்தில் நின்று சருகைத் தள்ளச் சொன்னார். சிமெண்டுத் தரை தெரிந்தது. "இது தண்ணிக் குழாயடி. இங்கிருந்து ஆறாவது வாசல் இவங்க வீடு" என்றார். தேங்காயைக் கால்வாயில் மிதக்கவிட்டு இழுத்துப்போன வழியைக் காட்டினார். கொப்பரை காயவைத்த கொட்டாய் இருந்த இடத்தைக் காட்டினார். பிறகு போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "எங்க மூத்தவன் பொறந்த மாசம்தான் இவளும் பொறந்தா. ஒரே மருத்துவச்சிதான்."

அந்த மூத்தவரின் பிறப்புப் பத்திரம் இருந்தது. அதில் தோட்டத்தின் பழைய பெயர், தேதி, 1960 என்று எல்லாம் இருந்தது. பிறகு பள்ளிக்கூடத்தைத் தேடினோம். மாணவர் குறைந்து அந்தப் பள்ளி இன்னொன்றோடு சேர்ந்துவிட்டது. ஆனால் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு தலைமை ஆசிரியர் பீரோவில் வைத்திருந்தார். அதில் அந்த அம்மாவின் பெயரும் தகப்பனார் பெயரும் பிறந்த தேதியும் இருந்தன. பெரியவரிடம் சத்தியப் பிரமாணம் வாங்கினோம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. நீல அடையாள அட்டை கையில் வந்த அன்று அந்த அம்மா முதலில் கேட்ட கேள்வி, "இனிமே ஓட்டுப் போடலாமா தம்பி?" என்பதுதான்.

அவருக்கு ஒரு தம்பி. 1963-இல் பிறந்தவர். அதே லயம், அதே மருத்துவச்சி. ஆனால் சட்டம் வேறு. 1962 செப்டம்பருக்குப் பிறகு பிறந்தவர் என்றால், பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்ததைக் காட்ட வேண்டும். அதற்குத் தகப்பனாரைப் பற்றிய சாட்சி தேவைப்பட்டது. மறுபடி பெரியவரிடம் போகலாம் என்று இருந்தோம். அதற்குள் அவர் போய்விட்டார். தம்பியின் கோப்பு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

அந்தக் காலைநேர நடையைத்தான் நான் பாரம்பரிய நடை என்று சொல்கிறேன். நகரத்தில் அது பொழுதுபோக்காக இருக்கலாம். நமக்கு அது சாட்சி சேகரிப்பு.

சட்டம் தராததும் தருவதும்

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையை உடைக்க வேண்டும். "மூணு தலைமுறையா இருக்கோம், எங்களை அசைக்க முடியாது" என்று பலர் சொல்கிறீர்கள். அசைக்க முடியும். தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆவது பிரிவும் 341-ஆவது பிரிவும் தெளிவாகச் சொல்கின்றன. அரசு நிலமானாலும் தனியார் நிலமானாலும், எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அந்த ஒரு காரணத்துக்காக நிலம் உங்களுடையதாகாது. பட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர்.

பினாங்கில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. ஊரே கொண்டாடியது. அடுத்த ஆண்டு, 2009-இல், அதே தீவில் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டது. மாடும் தென்னையுமாகத் தலைமுறைகளாக நம் மக்கள் வாழ்ந்த கிராமம். நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். ஒரு பக்கம் பாரம்பரியத்துக்கு விருது, இன்னொரு பக்கம் பாரம்பரியத்துக்கு புல்டோசர். 2013-இல் கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி இடிக்கப்பட்டது வெளியே தெரிந்தது. ஆயிரம் ஆண்டுப் பழமையானது என்று சொல்லப்பட்ட கோயில் தளம். அது அரசிதழில் பதியப்படாமல் தனியார் நிலத்தில் இருந்தது. பதியாத ஆயிரம் ஆண்டுக்கே அந்தக் கதி என்றால், நம் நூறாண்டுச் சுடுகாட்டுக்கு என்ன உத்தரவாதம்?

அதனால் சட்டம் எதைத் தருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, நிலத் தேடல். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி, ஒரு நிலம் யார் பெயரில் இருக்கிறது, எதற்காக ஒதுக்கப்பட்டது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் கோயில், பள்ளி, சுடுகாடு மூன்றுக்கும் இதைச் செய்தீர்களா? பெரும்பாலான கோயில் நிர்வாகங்கள் இடிக்க நோட்டீஸ் வந்த பிறகுதான் தேடுகின்றன.

இரண்டு, 2005-ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம். ஓர் இடத்தையோ பொருளையோ கலையையோ தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி யார் வேண்டுமானாலும் அமைச்சருக்கு முன்மொழியலாம். பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வெறும் உணர்ச்சியை எழுதினால் நடக்காது. எந்த ஆண்டு, யார் கட்டியது, என்ன நடந்தது, என்ன ஆதாரம் என்று கேட்பார்கள்.

மூன்று, நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். மாவட்டத்துக்கான உள்ளூர்த் திட்டம் வரையப்படும்போது அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். அந்த வரைபடத்தில் நம் சுடுகாடு காலி நிலமாகக் காட்டப்பட்டிருந்தால் அப்போதே எழுத வேண்டும். வீடமைப்பு வந்த பிறகு அழுது பயனில்லை.

இந்த மூன்றும் பட்டா தந்துவிடாது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் வெறுங்கையோடு உட்காராமல் இருக்க இவை உதவும். இந்த மூன்றுக்கும் வேண்டிய ஆதாரம் எங்கே கிடைக்கும்? நடந்தால்தான் கிடைக்கும்.

நடந்து காட்டியவர்கள்

நமக்கு முன்னுதாரணம் இருக்கிறது. இலங்கை மலையகத் தமிழர்கள் 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். 1823-இல் தொடங்கி அவர்களுடைய முன்னோர் கப்பலிறங்கி, காடு மேடு தாண்டி, வழியில் காலராவிலும் பசியிலும் செத்து விழுந்து, கோப்பித் தோட்டத்துக்கு நடந்துபோன பாதை அது. இருநூறாவது ஆண்டில் அதே பாதையில் ஜூலை 28-ஆம் தேதி புறப்பட்டு ஆகஸ்ட் 12-ஆம் தேதி மாத்தளையில் முடித்தார்கள். வழியில் சிங்களவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்துகொண்டார்கள். கேட்டது என்ன? வீடு, நிலம், சம மரியாதை. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயத்து அறைகளையே அருங்காட்சியகமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். லயம் கேவலம் என்று நாம் ஒளித்தோம். அவர்கள் அதையே காட்டி உரிமை கேட்கிறார்கள்.

எப்படித் தொடங்குவது?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. காலை ஏழு மணி, வெயில் ஏறுவதற்கு முன். இரண்டு மைலுக்கு மேல் வேண்டாம். பெரியவர்கள் முன்னால், இளைஞர்கள் பின்னால். கோயிலில் தொடங்கி, பெரட்டுக் களம், லயம் இருந்த இடம், சுடுகாடு, பள்ளி என்று ஐந்து இடத்தில் நில்லுங்கள். தோட்டம் தனியார் நிலம், அனுமதியில்லாமல் நுழைந்தால் அத்துமீறல். முன்கூட்டியே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி நகலை வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி தராவிட்டால் பொதுச் சாலையில் நின்றே கை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் போதும்.

கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். யார் பேசுகிறார், என்ன தேதி, எந்த இடம் என்பதை முதலில் சொல்ல வையுங்கள். அவர் சம்மதமும் பதிவில் இருக்கட்டும். கல்லறைகளில் உள்ள பெயரையும் ஆண்டையும் படம் எடுங்கள், மழையில் எழுத்து அழிந்துகொண்டிருக்கிறது. பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் கங்காணி கதையும் கள்ளுக்கடைச் சண்டையும் சொல்வார்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது, எது ஜுரத்தில் செத்தது என்பது பெண்களுக்குத்தான் தெரியும். நான் சொன்ன வழக்கில் வென்றது அந்த மாதிரி ஒரு விவரம்தான்.

இன்னொன்று. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வெள்ளைக்காரத் துரையின் கொடுமையைச் சொல்லும்போது நம் கங்காணியின் கொடுமையையும் சொல்லுங்கள். கோயிலுக்குள் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்பதையும் சொல்லுங்கள். பாதி உண்மையைச் சொன்னால் மீதியையும் யாரும் நம்பமாட்டார்கள். நீதிமன்றத்திலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான்.

நாளைக்கு இதை வெளியூர்க்காரர்களுக்கும் காட்டலாம். நம் இளைஞர்களே வழிகாட்டியாகி நாலு காசு பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் முதல் நடை நமக்காக இருக்கட்டும். பாட்டியின் கஷ்டத்தைத் தேநீர்க்கடைச் சுவரில் படமாக மாட்டி விற்பதற்கு முன், பாட்டியின் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, காலை ஏழு மணிக்கு இந்தக் கோயில் வாசலில் கூடுவோம். தேநீரும் வடையும் எங்கள் பொறுப்பு. நீங்கள் கொண்டுவர வேண்டியது இரண்டு. ஒன்று, வீட்டுப் பிஸ்கட் டின்னில் கிடக்கும் பழைய காகிதங்கள். பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், மங்கிய புகைப்படம், எதுவாக இருந்தாலும் சரி. அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், அங்கேயே படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். இரண்டாவது, உங்கள் தெருவில் இருக்கும் வயதான ஒருவர். நடக்க முடியாதவராக இருந்தால் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். அவர் வழி சொன்னால் போதும், நாம் நடப்போம்.